அந்தக் காலத்து எட்டு

கோலப்பனின் அப்பாவுக்கு யேசுரத்தினத்தின் அப்பா ஐந்து ரூபாய் கடன். அப்பாக்கள் இருவரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. கடன் மட்டும் சாகவில்லை. அது எப்படி உயிரோடு கிடந்தது, எப்படித் தீர்ந்தது என்று சொல்லுமுன் ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டும். அப்பா காமிராக்காரர் என்று பெயர்.

பார்த்திருப்பீர்கள். அறுபதைத் தாண்டிய ஆள். கல்யாண வீட்டில் எல்லோரும் போனை நீட்டிக்கொண்டு நிற்கும்போது இவர் மட்டும் உதட்டைப் பிதுக்கி, "இதெல்லாம் ஒரு படமா?" என்று தொடங்குவார். தொடங்கிவிட்டால் தோல் உறை வெளியே வரும், உறைக்குள்ளிருந்து காமிரா வரும், பொத்தானை அமுக்கினால் முன்கதவு திறந்து கறுப்புத் துருத்தியின் நுனியில் லென்ஸ் ஆமைத்தலைபோல நீளும், அதை வாயால் ஊதி, வேட்டி நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஜெர்மன்! எங்கப்பா காமிரா!" என்பார். நீங்கள் 'ஆகா' என்று சொல்லும்வரை விடமாட்டார். சொன்னாலும் விடமாட்டார்.

நான் சொல்லவந்த யேசுரத்தினம் இந்த இனத்தில் முதல் தரம். பிறந்ததிலிருந்து அவரோடு ஒரே சட்டைக்குள் இருந்து வருகிறவன் நான், எனக்குத் தெரியாதா?

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். கோட்டாற்றுச் சந்தையில் மூட்டை சுமந்து, சைக்கிளில் ஊர் ஊராக ஆணி விற்று, இன்றைக்கு மூன்று மாடி இரும்புக்கடைக்கு முதலாளி. 'படிச்சவனெல்லாம் நம்மகிட்டதான் கணக்கு எழுதுகான்' என்பது அவருடைய காலை வசனம். 'ஒருத்தனுக்கும் ஒரு பைசா கடன்பட்டவன் இல்ல இந்த யேசுரத்தினம்' என்பது மாலை வசனம். மாலை வசனம் முடிந்ததும் யாராவது இருமினால், அது கோலப்பன்.

"அஞ்சு ரூவா, மக்கா."

கோலப்பன் அடுத்த தெருக்காரர், சின்ன வயதுக் கூட்டாளி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பயணிகளுக்குத் தரவேண்டிய பாக்கியை மறந்தாலும் தனக்கு வரவேண்டிய பாக்கியை மறக்காத மனுஷர். விஷயம் இதுதான். யேசுரத்தினத்தின் அப்பா ரப்பர் எஸ்டேட்டில் குமாஸ்தா. ஊருக்குக் கப்பலேறிய துரை ஒருவர் விட்டுப்போன காமிரா அவர் கைக்கு வந்தது. அதை வைத்துக் காசுக்குப் படம் எடுத்தார். கோலப்பனின் அப்பாவும் அம்மாவும் ஆசைப்பட்டு வட்டக்கோட்டைக்குப் போய் அவர் முன்னால் நின்றார்கள், ஐந்து ரூபாய் முன்பணமும் கொடுத்தார்கள். 'நாளைக்கு வந்துரும்' என்றார் படம் எடுத்தவர். சாகும்வரை அதையே சொன்னார்.

ஐந்து ரூபாயை வீசியெறிந்தால் போயிற்று என்கிறீர்களா? எறிந்து பார்க்காமலா இருந்தார்? ஐந்நூறாகவே எடுத்து நீட்டினார். கோலப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ரூவா யாருக்குடே வேணும்? எங்கப்பா படத்துக்குல்லா குடுத்தாரு. அதே கோட்டை, அதே காமிரா. அப்பாவும் அம்மையும் நின்ன எடத்துல நானும் பூங்கனியும் நிக்கோம். எடுத்துத் தா, கடன் தீந்துச்சு."

பூங்கனி என்பது கோலப்பனின் மனைவி. அதிகம் பேசமாட்டாள். இந்தக் கதையில் அவளிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

யேசுரத்தினம் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அடுத்த மாதம் கடைக்கு நாற்பது வயது. ஸ்தோத்திர ஜெபம், போதகர், வியாபாரிகள் சங்கம், பிரியாணி, மைக். அந்த மைக்கில் மாலை வசனத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லும்போது முன்வரிசையில் கோலப்பன் உட்கார்ந்திருப்பார். இருமினால் மைக் விட்டுவைக்குமா?

பிலிம் வந்தது. விலையைக் கேட்டு யேசுரத்தினத்தின் மனைவி ராகேல் தலையில் கை வைத்தாள்.

"அஞ்சு ரூவா கடனுக்கு ஆயிரத்தி முந்நூறு ரூவாயா? அதுவும் எட்டே எட்டுப் படம்! எனக்க போன்ல எட்டாயிரம் கெடக்கு."

"உனக்க போனுக்கு அப்பா உண்டா?" என்றார் இவர்.

இந்த இனத்தோடு வாதாட முடியாது.

வட்டக்கோட்டை மதிலில் நல்ல வெயில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தூரத்தில் காற்றாலைகள். கோலப்பன் இஸ்திரி வேட்டி, பூங்கனி கல்யாணப் பட்டு. யேசுரத்தினத்தின் முதல் கட்டளை, ஒருத்தரும் போனை எடுக்கக் கூடாது. ராகேல் எடுத்த போனை முறைத்தே பைக்குள் போக வைத்தார். பிறகு கோலப்பனின் கால்விரலிலிருந்து குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்டப் பின்னால் நடந்து, "எட்டடி" என்று அறிவித்து, லென்ஸைச் சுற்றியிருந்த வளையத்தைத் திருகினார். வானத்தைப் பார்த்தார். "பதினொண்ணு" என்று வானத்திடமே சொல்லி, வெளிச்சத்துக்கான இன்னொரு முள்ளை நகர்த்தினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

டிக்.

"இம்புட்டுதானா?" என்றார் கோலப்பன். "மூட்டைப்பூச்சி நசுக்குன சத்தம்ல்லா கேக்கு!"

இங்கே ஒரு சங்கதி. இந்தக் காமிராவில் ஒரு படம் எடுத்ததும் பக்கத்துச் சாவியைத் திருகிப் பிலிமைச் சுற்ற வேண்டும். முதுகில் இருக்கும் சிவப்புக் கண்ணாடியில் அடுத்த எண் தெரியும்வரை சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் காமிரா கோபித்துக்கொள்ளாது. டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், எல்லாம் ஒரே படத்தின்மேல் விழும். சுற்ற ஒரு கை வேண்டும். யேசுரத்தினத்துக்கோ பேசுவதற்கே இரண்டு கையும் வேண்டும். முதல் படத்துக்கும் இரண்டாம் படத்துக்கும் நடுவில் அவர் மூட்டை சுமந்த கதை, அதற்கடுத்த இடைவெளியில் ஆணி விற்ற கதை, அப்புறம் பேங்க் மானேஜர் எழுந்து நின்று நாற்காலி போட்ட கதை. கதைக்கு ஒரு டிக். கோலப்பன் வேர்த்து, வேட்டி கசங்கி, சிரித்த வாய் சிரித்தபடியே காய்ந்துபோகும்வரை ஏழு டிக்.

"அண்ணே, ஒண்ணு நான் அடிக்கட்டா?" என்றாள் பூங்கனி.

இந்த இனத்துக்கு இதைவிட இனிப்பான கேள்வி கிடையாது. "தங்கச்சி, இது போன் இல்ல கேட்டியா? இங்க பாரு, இப்பிடிச் சுத்தணும். பைய. நம்பர் வரும்." சொல்லிக்கொடுப்பதற்காக முதல்முறையாகச் சுற்றினார். "எட்டு வந்துட்டா?"

"ரெண்டுல்லா தெரியுது?"

"எட்டு, தங்கச்சி."

"ரெண்டு போட்டிருக்கே அண்ணே."

"அது அந்தக் காலத்து எட்டு!"

எண் அச்சடித்திருந்தது காமிராவில் அல்ல, போன வாரம் வந்த பிலிமின் முதுகுத்தாளில். பூங்கனி கையை நீட்டினாள். காமிராவை வாங்கிக்கொண்டு அவர் நின்ற இடத்தில் போய் நின்றாள். இவர் மதிலோரம் நின்று, பொத்தானை எப்படி அமுக்க வேண்டும் என்று ஒரு விரலைத் தூக்கி விளக்கிக்கொண்டிருக்கும்போதே அமுக்கிவிட்டாள்.

மீதிப் பிலிமைச் சுற்றி முடிக்க வெகுநேரம் பிடித்தது. எட்டும் எடுத்துத் தீர்ந்த சுருளில் இத்தனை மிச்சம் ஏது என்று அவர் யோசித்தாரா? எப்படி யோசிப்பார்? பேசிக்கொண்டிருந்தார்.

நாகர்கோவிலில் அதைக் கழுவித் தர ஆள் இல்லை. சுருள் சென்னைக்குப் போனது. வரும்வரை கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம், ஆணி வாங்க வந்தவர்களுக்கும்கூட, அந்தப் படத்தின் அழகைப் படம் வராமலே காட்டினார். ஸ்தோத்திர ஜெபத்துக்கு முந்தின நாள் கவர் வந்தது. பிரிக்காமலே, ராகேலையும் கூட்டிக்கொண்டு, கோலப்பன் வீட்டுக்குக் கொண்டுபோனார். நாலு பேர் முன்னால் பிரித்தால்தானே பெருமை?

உள்ளே எட்டுப் படம் இல்லை. இரண்டு.

முதல் படத்தில் கோட்டை வெள்ளையாகக் கரைந்துபோயிருந்தது. அதற்குள் ஏழு கோலப்பனும் ஏழு பூங்கனியும் ஒருவர்மேல் ஒருவர் ஏறி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கோலப்பன் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "ராவணனுக்கு மூணு தல கொறவா இருக்கே, மக்கா."

இரண்டாவது படம், சும்மா சொல்லக்கூடாது, பிரமாதம். நெற்றியில் ஏறிய கண்ணாடி, தூக்கிய விரல், பின்னால் கடல், எல்லாம் துல்லியம். நடுவில் யேசுரத்தினத்தின் திறந்த வாய். கடைவாய்ப் பல்லின் அடைப்புகூடத் தெரிந்தது.

ராகேல் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். கோலப்பன் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார், கண்ணில் நீர் வர. திடீரென்று நிறுத்தினார்.

"ஏலே யேசு. எங்கப்பாக்க படம் எங்க போச்சுன்னு இப்பம் வெளங்கிச்சு. உங்கப்பாவும் பேசிட்டேல்லா எடுத்திருப்பாரு!"

யேசுரத்தினத்துக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. கழுத்தில் காமிரா தொங்க, இரண்டு கையையும் ஆட்டி ஆட்டித் துரையின் கதையைச் சொல்லும் அப்பாதான் கண்ணுக்குள் வந்தார். அவர் சாவியைத் திருகுவதை மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

"சவத்த விடு. உங்க குடும்பத்துட்ட படம் கேட்டதே தப்பு," என்றார் கோலப்பன். "ரூவாயே போதும். தா."

யேசுரத்தினம் சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

"பொறுங்க," என்றாள் பூங்கனி. "பழைய அஞ்சு இவியளுக்கு. எனக்க படத்துக்கு ஐந்நூறு."

"ஐந்நூறா? காமிரா எனக்கது தங்கச்சி, பிலிம் எனக்கது!"

"வாயும் உங்களுக்கதுதான் அண்ணே. அத இம்புட்டுத் தெளிவா வேற எவன் எடுத்துத் தருவான்? நான் முன்பணம் வாங்கல்ல. படத்தக் கையில தந்துட்டுல்லா கேக்கேன்."

விடிந்தால் மைக். யேசுரத்தினம் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

அவர் ரூபாயை எண்ணட்டும். அதற்குள் உங்களிடம் ஒரு வார்த்தை. இதைப் படிக்கும்போது, 'நானாக இருந்தால் சுற்றியிருப்பேன்' என்று எந்த இடத்திலாவது நினைத்தீர்களா? உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்பாவின் காமிராவோ, கைக்கடிகாரமோ, ரேடியோப் பெட்டியோ இருக்கிறதா? போன விருந்தில் யாரையாவது நிறுத்தி வைத்து அதைப் பற்றிச் சொன்னீர்களா? அவர் கொட்டாவியை அடக்கியது ஞாபகம் இருக்கிறதா? இல்லையென்றால் சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நூறு ரூபாய்த் தாள். அதன்மேல் ஐந்து ஒற்றை ரூபாய். பூங்கனி நீட்டிய உள்ளங்கையில் எண்ணி வைத்து முடித்தார். அவள் விரலை மடக்கவில்லை.

"மறுபடி எண்ணுங்க அண்ணே," என்றாள், விரித்த கையை அவர் கண்ணருகே தூக்கி. "இந்தக் காலத்து அஞ்சுதானான்னு பாக்கணும்."

எண்ணினார். வாயைத் திறக்காமல்.