கடவுச்சொல்லுக்கு ஆசி

கம்ப்யூட்டர் சாமி குடியேறிய தெருவில் கால் வைக்க இடமில்லை. காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கி வருவது போல, ஜனங்கள் மடிக்கணினியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். சாமி மந்திரித்த ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால் வைரஸ் அண்டாதாம், திருடன் நுழையமாட்டானாம். ஒரே நிபந்தனை: கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதி அவர் காலடியில் வைக்க வேண்டும். வைத்தார்கள். கும்பிட்டுவிட்டு வைத்தார்கள்!

மறுவாரம் வாக்குச் சொல்வார்.

"உன் மாமியாருக்கு மூட்டுவலி."

"ஐயோ சாமி, எப்படித் தெரிஞ்சுது?"

மருத்துவ அறிக்கை மின்னஞ்சலில் வந்ததை யாரும் நினைக்கவில்லை. நினைத்துக்கொண்டிருந்தால் வரிசையில் இடம் போய்விடுமே!

தையற்கடைக்காரி ஏற்கெனவே கடை மின்னஞ்சலின் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டிருந்தாள். இப்போது சாமி வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையும் கேட்டார். கடையின் மொத்தச் சம்பாத்தியமும் அந்தக் கணக்கில்தான். கூடவே தைக்கும் நாத்தனார் ஊசியைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, நாளைக்கு வாக்கு கேட்டுட்டு அப்புறம் குடுங்க."

"சாமியைச் சந்தேகப்படாதேடி!"

"சந்தேகம் எனக்கு. பாவமும் எனக்கே வரட்டும். உங்களுக்கென்ன?"

அன்று மாலையே நாத்தனார் கடை முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டாள்: 'அண்ணன் மாடிப்படியில் விழுந்து கால் ஒடிந்து மருத்துவமனையில் கிடக்கிறார்.'

மறுநாள் சாமி கண்ணை மூடினார். நெற்றி சுருங்கியது.

"பெண்ணே, உன் கணவன்... படிக்கட்டு... கால் எலும்பு முறிந்து..."

கூட்டம் உச்சுக் கொட்டியது. தையற்காரியின் பின்னால் பையைச் சுமந்து நின்றவர் முன்னே வந்தார்.

"சாமி, அந்தக் கணவன் நான்தான். எந்தக் கால்னு சொல்லிட்டா நொண்ட வசதியா இருக்கும்."

சாமியின் கண் தானாகத் திறந்தது.

"கடை மெயிலுக்கு அந்தப் பொய்க் கடுதாசியை எழுதினது நான். அதோட பாஸ்வேர்டு தெரிஞ்சது மூணே பேருக்கு" என்றாள் நாத்தனார். "அண்ணிக்கு, எனக்கு, சாமிக்கு."

எல்லாரும் ஒரே சமயத்தில் சீட்டுகளின் மேல் பாய்ந்தார்கள். தையற்காரி தன் சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்தாள். நழுவப் பார்த்த சாமியை வாசலிலேயே மடக்கிக் காவல்துறையிடம் ஒப்படைத்தார்கள்.

அத்தோடு முடிந்ததா? பெரியவர் ஒருவர் நாத்தனாரிடம் பவ்வியமாக ஒரு சீட்டை நீட்டினார்.

"பாஸ்வேர்டை மாத்திட்டேம்மா. புதுசுக்கு நீயாவது ஒரு ஆசி சொல்லு."

இன்னொரு சாமி வராமலா இருப்பான்? மூளையைத் திறக்க யாருடைய கடவுச்சொல்லும் வேண்டாம் ஐயா, ஒருமுறை திறந்துதான் பாருங்களேன்!