ஆப்பிள் நாலு பச்சை மிட்டாய்

“ஆப்பிள் நாலு பச்சை மிட்டாய் ரெண்டு பொட்டலம் கெட்டி க்ரீம் ரெண்டு டப்பா அவ்வளவுதான் அத்தான், அடுப்பே பத்த வைக்க வேண்டாம், எல்லாத்தையும் கலந்து ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க, ஐயோ பஸ் வந்துருச்சு!” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கொழுந்தியாள் போனை வைத்துவிட்டாள்.

கமா சார் போனும் கையுமாகச் சமையலறை நடுவில் நின்றார். அச்சகத்தில் பிழை திருத்துகிற உத்தியோகம் அவருக்கு. காலமெல்லாம் அடுத்தவர்கள் எழுதியதில் கமா வைத்தும் கமா எடுத்தும் வயிறு வளர்த்தவர். அதனால் முதலாளியிலிருந்து கூட்டிப் பெருக்குகிற அம்மா வரைக்கும் அவர் கமா சார்தான். அப்பேர்ப்பட்ட மனிதர், கொழுந்தியாள் கொட்டிவிட்டுப் போன வாக்கியத்தை மனசுக்குள் ஒரு தரம் ஓட்டிப் பார்த்து, வைக்க வேண்டிய இடத்தில் கமாக்களை வைத்தார். ஆப்பிள் நாலு, பச்சை மிட்டாய் ரெண்டு பொட்டலம், கெட்டி க்ரீம் ரெண்டு டப்பா. பிரமாதம் என்று பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

அன்று மத்தியானம் அச்சகத்தில் வருஷக் கடைசி விருந்து. ஆளுக்கு ஒரு பதார்த்தம் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். கமா சார் வீட்டுப் பங்கு எப்போதும் ஒன்றேதான், அவர் மனைவி செய்கிற ஆப்பிள் மிட்டாய்க் கலவை. ஒரு பெரிய எவர்சில்வர் கிண்ணம் நிறையப் போகும், துடைத்துவைத்த மாதிரி காலியாகத் திரும்பி வரும். “பாத்தியா, ஒரு துளி மிச்சம் வைக்கலை!” என்று அவர் கிண்ணத்தைக் காட்டுவார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் சிரிப்பை மறைத்துக்கொள்வாள்.

இந்த வருஷம் அவள் இல்லை. போன வருஷ விருந்து முடிந்த கொஞ்ச நாளில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குத் தானே நடந்து போனவள், திரும்பி வரவில்லை.

முந்தின நாளே மேனேஜர் போன் பண்ணியிருந்தார். “சார், நீங்க பேப்பர் தட்டு மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க. போதும்.”

“பேப்பர் தட்டா? எங்க வீட்டுலேர்ந்து வருஷா வருஷம் என்ன வரும்னு மறந்து போச்சா?”

“அது எப்படி சார் மறக்கும்?”

“அப்ப அதுதான் வரும்.”

வீராப்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, அது என்ன ருசி என்று அவருக்கே தெரியாது. சிரிக்காதீர்கள், நிஜம்தான். அவருக்குச் சர்க்கரை வியாதி. அது தெரிய வந்த வருஷம்தான் அவள் இந்தக் கலவையைச் செய்யவே ஆரம்பித்தாள். கிண்ணத்தை அவர் கையில் கொடுக்கும்போதே, “மூடியைத் திறந்தீங்கன்னா கையை ஒடிப்பேன்” என்பாள். அதோடு விடாமல் அச்சகத்துக்கும் போன் போட்டு, அவர் வாயில் ஒரு ஸ்பூன்கூடப் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவாள். அவர்களும் கிண்ணத்தை உள் அறைக்குக் கொண்டுபோய், அவர் கண்ணில் படாமல்தான் திறப்பார்கள். அவளும் தொட மாட்டாள். “உப்புப் பாக்கவாவது ஒரு வாய் வெச்சுப் பாரேன்” என்று அவர் ஒரு தரம் கேலி பண்ணினதற்கு, “நீங்க திங்க முடியாததை நான் மட்டும் தின்னா எனக்கு இறங்குமா?” என்று சுள்ளென்று கேட்டாள். அன்றையிலிருந்து இனிப்பு என்று எதுவுமே அவள் வாயில் போட்டதில்லை.

அவள் கையால் எத்தனையோ சாப்பிட்டாகிவிட்டது. இது ஒன்று மட்டும் பாக்கி. கண்டவர்கள் எல்லாம் சாப்பிட்டார்கள், கட்டினவன் சாப்பிடவில்லை. இனி கையை ஒடிக்க ஆளும் இல்லை. இன்றைக்கு ஒரே ஒரு ஸ்பூன், அவள் செய்தது எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொண்டால் போதும். இதுதான் அவர் ஆசை. ஆசை சின்னதுதான்.

கடைக்காரம்மா நல்ல சிவப்பு ஆப்பிளாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தாள்.

“பச்சை மிட்டாய் இருக்காம்மா?”

“பச்சைக் காகிதம் சுத்தினதா? இந்தாங்க. அம்மாவும் இதைத்தான் வாங்குவாங்க, குளிர் வந்தா ரெண்டு பொட்டலம்.” அவள் கொஞ்சம் தயங்கினாள். “நல்ல மனுஷி. நின்னு ரெண்டு வார்த்தை பேசாமப் போக மாட்டாங்க.”

கமா சாருக்கு ஒரே சந்தோஷம். பரவாயில்லை, சரியான வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்று வேகமாக வீட்டுக்கு வந்தார்.

வந்ததும் ஆப்பிள்களைத் தோல் சீவித் துண்டு போட்டார். மிட்டாயைப் பிரித்தால் குப்பென்று ஒரு தைல வாடை. இது எப்படி இனிப்பில் சேரும் என்று ஒரு நிமிஷம் யோசித்தார். அவள் கைக்கு எதுவும் வசப்படும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இடிக்கிற கல்லை எடுத்தார். ஒரு இடி. மிட்டாய் நொறுங்கவில்லை, பறந்தது. ஃப்ரிட்ஜுக்கு அடியில் ஒன்று, ஜன்னலுக்கு வெளியே ஒன்று, சட்டைப் பைக்குள் ஒன்று. துண்டில் மூட்டை கட்டி, தரையில் உட்கார்ந்து, வாக்கியப் பிழை செய்த அத்தனை பேரையும் நினைத்துக்கொண்டு போட்டுச் சாத்தினார். ஒருவழியாகத் தூளானது. நிமிர்ந்து பார்த்தால் ஆப்பிள் எல்லாம் கறுத்துப் போயிருந்தது.

எலுமிச்சம்பழம் பிழிந்தால் கறுக்காது என்று எங்கேயோ படித்துத் திருத்திய ஞாபகம். கறுப்பதற்கு முன்னால் பிழிய வேண்டும் என்பது ஞாபகத்துக்கு வரவில்லை. மூன்று பழத்தைப் பிழிந்தார்.

அடுத்தது க்ரீம். கெட்டியாக வரும்வரை அடிக்க வேண்டும் என்று தெரியும். அடித்தார். நல்ல பூப்போல எழும்பி வந்தது. அங்கே நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே வேறு. இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டுமே என்று அடித்தார். க்ரீம் உருண்டு திரண்டு வெண்ணெயாகி, கரண்டியோடு ஒட்டிக்கொண்டு சுற்றியது. இளகட்டும் என்று பாலை ஊற்றினார். இளகியது, தண்ணீராக. சரி, ஆப்பிளைப் போட்டால் சேர்ந்துகொள்ளும் என்று எலுமிச்சையில் ஊறிய ஆப்பிளைக் கொட்டினார். கண்ணெதிரிலேயே பால் திரிந்து திப்பி திப்பியாக மிதந்தது.

“அடக் கடவுளே” என்றார் கமா சார்.

மிட்டாய்த் தூள் ஒன்றுதான் பாக்கி. அதையும் போட்டுக் கிண்டினார். பச்சை நிறம் மெல்லப் பரவியது. பக்கத்து வீட்டுக்காரர் போன மாசம் அடித்த சுவர்ப் பெயிண்ட் இதே நிறம்தான்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கொழுந்தியாள்தான்.

“அத்தான், பஸ்ஸுல ஒரே இரைச்சல். எல்லாம் வாங்கிட்டீங்களா?”

“கலந்தே ஆச்சு. ஏம்மா, இந்தப் பச்சை மிட்டாய் என்ன இப்படித் தைல வாடை அடிக்குது?”

“எந்தப் பச்சை மிட்டாய்?”

“நீதானே சொன்னே. ஆப்பிள் நாலு, பச்சை மிட்டாய் ரெண்டு பொட்டலம்.”

“ஐயோ அத்தான்! ஆப்பிள் நாலு பச்சை! பச்சை ஆப்பிள்! புளிப்பா இருக்குமே, அது! மிட்டாய்னா சாக்லேட் மிட்டாய், உள்ள கடலையும் பாகும் வெச்சிருப்பாங்களே! நீங்க என்னத்தை வாங்கித் தொலைச்சீங்க?”

கமா சார் நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, காலிப் பொட்டலத்தைப் படித்தார். தொண்டைக் கரகரப்புக்கும் தொடர் இருமலுக்கும் என்று போட்டிருந்தது. எழுத்துப்பிழை ஏதும் இல்லை.

“அக்காவுக்கும் நான் இப்படிப் போன்லதான் சொன்னேன்” என்றாள் கொழுந்தியாள், ஏறக்குறைய அழுகிற குரலில். “அவ ஒரு தப்பும் பண்ணலையே! அச்சகத்துல அடிச்சுப் பிடிச்சுத் திங்குறாங்கன்னு எவ்வளவு பெருமையா சொல்வா! பிழை திருத்துற ஆளு நீங்க, ஒரு கமா வைக்கத் தெரியலையே அத்தான்!”

போனை வைத்துவிட்டுக் கமா சார் ஸ்டூலில் உட்கார்ந்தார். கலவை போனது போகட்டும். கடைக்காரம்மா சொன்னது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. குளிர் வந்தா ரெண்டு பொட்டலம். அப்படியானால் அவளுக்கு வருஷா வருஷம் இருமல் இருந்திருக்கிறது. வாங்கி வாங்கி ஒளித்துத் தின்றிருக்கிறாள். ஒரே வீடு, ஒரே கட்டில், பக்கத்தில் படுத்திருந்தவனுக்கு ஒரு இருமல்கூடக் காதில் விழவில்லை. பக்கம் பக்கமாக அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்த கண்ணுக்குக் கட்டின பெண்டாட்டியின் நெஞ்சுச் சளி தெரியவில்லை. ஒரு தரம், ஒரே ஒரு தரம் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருந்தால்?

“ஏன்டி சொல்லலை?” என்று சமையலறைச் சுவரைப் பார்த்துக் கேட்டார். அப்புறம் அடக்க முடியாமல் அழுதார்.

அழுது முடித்துப் பார்த்தால் புதிதாகச் செய்ய நேரம் இல்லை. இருப்பதையாவது காப்பாற்றலாம் என்று ஒரு முயற்சி செய்தார். மிட்டாய்த் தூளை வடிகட்டி எடுக்கப் பார்த்தார், அது எப்போதோ கரைந்துவிட்டது. தைல வாடையை அமுக்கச் சர்க்கரை கொட்டினார், வாடை சர்க்கரையோடு சேர்ந்து இன்னும் குஷியாக எழும்பியது. ஃப்ரீஸரில் வைத்தார், மேலே ஏடு மாதிரி உறைந்து கீழே கொளகொளவென்று நின்றது. கடைசியில் கிண்ணத்தை மூடி, கையில் தூக்கிக்கொண்டு, பேப்பர் தட்டுகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். சொன்ன வாக்கு ஒன்று இருக்கிறதே.

அச்சகத்தில் இயந்திரங்களை நிறுத்தி, காகிதம் மடிக்கிற நீள மேஜையில் பாத்திரங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். மை வாசனையும் சாப்பாட்டு வாசனையும் கலந்து அடித்தது. கமா சார் கிண்ணத்தோடு நுழைந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“கொண்டு வந்துட்டீங்களா சார்?” என்றார் மேனேஜர். குரல் ஒரு மாதிரி இருந்தது.

“கொண்டு வந்துட்டேன். ஆனா யாரும் சாப்பிடாதீங்க. கெட்டுப் போச்சு. அவ செஞ்ச மாதிரி வரலை. பேருக்கு ஒரு ஓரமா இருக்கட்டும்.”

சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தார். தைல வாடை மேஜை முழுக்கப் பரவியது. அவருக்கு அவமானத்தில் காது சிவந்தது. கிண்ணத்தை மறுபடி மூடப் போனார்.

பைண்டர் வந்து அவர் கையிலிருந்து மூடியை வாங்கிக் கீழே வைத்தார். நாள் பூராவும் பசையும் நூலுமாகப் புத்தகம் தைக்கிற மனுஷர், வாயைத் திறந்து பேசினால் அதிசயம். ஒரு தட்டை எடுத்தார், கரண்டி நிறைய அந்தப் பச்சைக் கொளகொளப்பை அள்ளிப் போட்டுக்கொண்டார், ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு வாய் வைத்தார்.

பின்னாலேயே வரிசை கட்டிவிட்டார்கள். மேனேஜர், மெஷின்மேன், பெருக்குகிற அம்மா. எல்லாரும் சாப்பிட்டார்கள். பெருக்குகிற அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டாள். மேனேஜர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

கமா சாருக்குத் தாங்கவில்லை. இத்தனை பேர் பரிதாபப்படுகிற அளவுக்கு ஆகிவிட்டோமா என்று இருந்தது. ஒரு ஸ்பூனை எடுத்து, அள்ளி, தன் வாயில் போட்டுக்கொண்டார். தடுக்க யாரும் வரவில்லை. கறுத்த ஆப்பிள், திரிந்த பால், அதற்கு மேலே மூக்கைத் துளைத்து உச்சந்தலை வரைக்கும் ஏறுகிற தைலம். அது ஒன்றுதான் தெரிந்தது, வேறு எந்த ருசியும் தெரியவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. இதற்காகவா காத்திருந்தோம் என்று நினைத்தார். அவள் கை ருசி அவளோடேயே போய்விட்டது, இனி எந்தக் காலத்திலும் தெரியப் போவதில்லை.

பைண்டர் தட்டை வழித்துவிட்டு மறுபடி கிண்ணத்தில் கரண்டியை விட்டார்.

“போதும்யா, நிறுத்துங்க!” என்று கத்திவிட்டார் கமா சார். “இதை வாயில வைக்க முடியுமா? பெண்டாட்டி செத்தவனாச்சேன்னு பாவம் பாத்து எல்லாரும் இப்படித் திங்கணுமா?”

பைண்டர் கரண்டியைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

“பாவமா? அட நீங்க வேற சார், உங்க வீட்டம்மா வருஷா வருஷம் செஞ்சு அனுப்பினதும் அச்சு அசல் இதே தைல ருசிதான், கண்ணுல தண்ணி வர வர இப்படித்தானே தின்னுக்கிட்டிருந்தோம்!”