டிக்கியில் போன சம்பந்தம்

கல்யாணம் பேசி முடிக்கும்வரை பெண் வாயைத் திறக்கக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதற்காக நான் சண்டை போட்டிருக்கிறேன், இப்போதும் போடுவேன். ஆனால் கல்யாணம் பேசி முடிக்கும்வரை பெண் டாக்ஸி புக் பண்ணக் கூடாது என்று யாராவது சட்டம் கொண்டுவந்தால், முதல் ஆதரவு என்னுடையதுதான்.

அப்போது நான் பெங்களூருக்கு வேலைக்குப் போன புதிது. ஊரைவிட்டுப் போனவர்களுக்கு வரும் ஒரு வியாதி எனக்கு முற்றியிருந்தது. எதைப் பார்த்தாலும் இது பெங்களூரில் எவ்வளவு, சென்னையில் எவ்வளவு என்று ஒப்பிடுவேன். தென்காசியில் இட்லி தின்றுகொண்டே, “இதே இட்லி அங்கே...” என்று ஆரம்பித்தால், அம்மா சட்னி எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விடுவாள். (சட்னி என் இலையிலேயே இருக்கும்.)

கூட வேலை பார்த்த பாலாஜியும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு பண்ணிவிட்டோம். சென்னையில் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற அவர் அப்பாதான் இன்னும் முடிவு பண்ணவில்லை. பெண் வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆனி மாதம், சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. சீசனில் வந்த விருந்தாளியைக் குற்றாலத்தில் குளிக்க வைக்காமல் ரயிலேற்றுவது, எங்கள் ஊரில் சோறு போடாமல் அனுப்புவதற்குச் சமம்.

“சுடலை அண்ணாச்சிட்ட வண்டி சொல்லியிருக்கேன்” என்றார் அப்பா. கோயில் பக்கத்து ஸ்டாண்டில் வேன் வைத்திருந்தவர் சுடலை அண்ணாச்சி. நான் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததே அவர் வண்டியில்தான்.

“எவ்வளவு கேக்காவ?” என்றேன்.

அப்பா சொன்ன தொகையைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிட்டத்தட்ட பெங்களூர் வாடகை.

“அநியாயம்பா. அங்க ஒரு வீட்டு வாடகைக்கு இங்கன மூணு வீடு பிடிக்கலாம். டீ பாதி வெல. முடிவெட்டக் கால்வாசிதான். அப்ப காருக்கும் அதே கணக்குதான வரணும்?”

“ஏட்டி, அண்ணாச்சி முடியா வெட்டுதாவ?”

நான் காதில் வாங்கவில்லை. போனில் இருந்த கார் ஆப்களையெல்லாம் திறந்து, ஊர் ஊராக வாடகை, புக்கிங் கட்டணம், காத்திருப்புக் கட்டணம் பார்த்தேன். காத்திருப்பில்தான் காசு போகிறது என்று கண்டுபிடித்தேன். ஐந்தருவிக்குப் போக ஒரு புக்கிங், குளித்த பிறகு திரும்பி வர இன்னொரு புக்கிங். இரண்டு தடவை புக்கிங் கட்டணம் கொடுத்தாலும் அண்ணாச்சி கேட்டதில் பாதிதான்.

“குளிச்சிட்டு வார வரைக்கும் வண்டி நிக்காண்டாமா?” என்றார் அப்பா.

“எதுக்கு நிக்கணும்?”

அவருக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். வண்டி நிற்கும், காலம்காலமாக நிற்கிறது, அவ்வளவுதான். பெரிய மனசு பண்ணி அண்ணாச்சியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் ஏழு பேர் உட்காருகிற காரில் கிளம்பினோம். வழியெல்லாம் வருங்கால மாமனாருக்கு என் தத்துவத்தை விளக்கினேன். அவர் மகனைத் திரும்பிப் பார்த்து, “கணக்குப் பாக்கத் தெரிஞ்ச பொண்ணுடா” என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

ஐந்தருவியில் இறங்கியதும் அம்மா வழக்கப்படி ஆரம்பித்தாள். “மாத்துத்துணி, செருப்பு, வாட்ச்சு, கண்ணாடி எல்லாம் டிக்கியிலயே இருக்கட்டும். கையில கொண்டு போனா கொரங்கு புடுங்கிரும்.” இங்கே எல்லாரும் செய்வது அதுதான். துணியும் பணமும் வண்டியில் இருக்கும், வண்டிக்கு டிரைவர் காவல் இருப்பார். எல்லாரும் எல்லாவற்றையும் வைத்தார்கள். நானும் போனில் பணம் கட்டி, டிரிப்பை முடித்து, அதே போனைப் பையில் போட்டு, பையை டிக்கியில் வைத்து, நானே மூடினேன். டிரைவர் காதில் ஹெட்போனோடு அடுத்த சவாரியைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குள் இருந்த பெங்களூர்க்காரி டிரிப்பை முடித்தாள், தென்காசிக்காரி பையை டிக்கியில் வைத்தாள். இரண்டு பேரும் கலந்து பேசிக்கொள்ளவில்லை.

குளியல் பிரமாதம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் போன மாமனார் வெளியே வர மறுத்துவிட்டார். ‘சம்பந்தம் முடிந்தது’ என்று மனசுக்குள் பாயசம் வைத்துவிட்டேன்.

வெளியே வந்தோம். கார் நின்ற இடத்தில் ஒரு மங்குஸ்தான் பழ வண்டி நின்றது.

இடுப்பில் ஈரத்துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய், கண்ணில் கண்ணாடி இல்லாத மாமனார், நின்ற வெள்ளைக் கார் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, “இதாம்மா நம்ம கார்? இதா?” என்று கேட்டுக்கொண்டே போனார்.

“எதுவுமே இல்ல அங்கிள். அது போயிட்டு” என்றேன்.

சாரல் காற்றில் ஈரப் புடவையோடு நடுங்கிய மாமியார் மகனிடம், “இதான் நீ சொன்ன கெட்டிக்காரியா?” என்றார். அப்பா தன் துண்டைப் பிழிந்து பிழிந்து உதறிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை. சம்பந்தம் இத்தோடு சரி என்று நினைத்தேன், அழுகை முட்டியது.

அந்த நேரம் பார்த்து, புளியங்குடி எலுமிச்சை வியாபாரிகள் ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு சுடலை அண்ணாச்சியின் வேன் வந்தது. நாங்கள் வேண்டாம் என்றதால் பிடித்த சவாரி.

“ஏட்டி, என்ன எல்லாரும் இப்படி வெடவெடத்து நிக்கிய?”

சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை இப்போதும் மறக்க முடியவில்லை. அவர் போனிலிருந்து என் நம்பருக்கே அடித்தோம். அடித்து அடித்து, கடைசியில் டிரைவர் டிக்கியைத் திறந்து எடுத்தார். தென்காசி தாண்டி, கடையத்தில் இருந்தாராம். திரும்பி வர வாடகை கேட்டார். (கொடுத்தோம். மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.)

அதுவரை பெண்களுக்கு வியாபாரிகள் காய்ந்த போர்வை கொடுத்தார்கள். அண்ணாச்சி சீட்டுக்கடியிலிருந்து தன்னுடைய மாற்றுக் காக்கிச் சட்டையையும் கைலியையும் எடுத்து மாமனாருக்குக் கொடுத்தார். அவர் உடுத்திக்கொண்டு வேனில் சாய்ந்து டீ குடித்தார். முகத்தில் ஈ ஆடவில்லை.

ஒரு சுற்றுலாக் குடும்பம் நேரே அவரிடம் வந்தது. “டிரைவர், பழைய குற்றாலம் போக எவ்வளவு?”

மாமனார் குனிந்து சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நீங்க எந்த ஊரு?”

“கோயம்புத்தூர்.”

“அங்க டீ எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு, முடிவெட்ட எவ்வளவுன்னு இந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. அது கணக்குப் போட்டு ரேட் சொல்லும்.”

முதலில் சிரித்தது மாமியார்தான். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில், அதே காக்கிச் சட்டையோடு உட்கார்ந்து அவர் தேதி குறித்தார். அண்ணாச்சியும் கூடவே சாப்பிட்டார்.

அண்ணாச்சி இப்போது இல்லை. ஆனியில் பெங்களூரில் தூறல் போட்டால் எனக்கு அந்த எண்ணெய் வாசனையும், நடுங்கிக்கொண்டு குடித்த டீயும் ஞாபகம் வரும். அப்படி ஒரு காலைப்பொழுது இனிமேல் எந்த வாடகைக்கும் கிடைக்காது என்று மனசு அடித்துக்கொள்ளும்.

மாமனார் அதன்பிறகு எந்த ஊரிலும் எந்தக் காரிலும் டிக்கியில் சாமான் வைப்பதில்லை. போன மாதம் பெங்களூர் ஏர்போர்ட்டில் இறங்கியவர், அவ்வளவு பெரிய பெட்டியை மடியில் ஏற்றிக்கொண்டு பின்சீட்டில் நெளிந்தார். தமிழ் பேசுகிற டிரைவர், “பெரியவரே, டிக்கியில போட்டுருவோம், பயப்படாதீங்க” என்று கெஞ்சினார்.

மாமனார் பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டார். “ஊருக்கெல்லாம் மடியில கனம் இருந்தா வழியில பயம்ப்பா. எங்க மருமகளப் பொண்ணு பாத்த நாள்லேருந்து எனக்கு, மடியில கனம் இல்லன்னாத்தான் பயம்.”