முக்கியமில்லாததை மட்டும் பேசியவர்

உலகத்துக் காற்று முழுவதற்கும் யாராவது ஒருவர் பெயரில் பட்டா இருக்குமானால், அது மணமேல்குடி கடைத்தெருவில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்த ஏரியல் அண்ணன் பெயரில்தான் இருக்கும். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றுவது தொழில். மிஞ்சிய கம்பியெல்லாம் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறிவிடும். அங்கே நாற்பதடி இரும்புக் குழாய். அதன் உச்சியிலிருந்து நாலாபக்கமும் ஏரியல் கம்பிகள். அந்தி வெளிச்சத்தில் பார்த்தால் வீடு வானத்திலிருந்து தொங்குவதுபோல இருக்கும். எங்கள் பக்கத்துக் கடலில் பெரிய அலை கிடையாது, ஏரிபோலக் கிடக்கும். அதனால்தானோ என்னவோ, இவர் அலையை மேலே தேடினார். பரீட்சை எழுதி, அரசாங்க லைசென்ஸ் வாங்கி, எங்கெங்கோ இருப்பவர்களோடு பொழுதுபோக்காகப் பேசுகிற ஹாம் ரேடியோக்காரர்.

நான் அப்போது அந்த ஊர்த் தபால் நிலையத்தில் கவுண்டர் கிளார்க். அவர் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தேன். அவருடைய ரேடியோ எந்த வகை என்பதில் டீக்கடைக்கு நீண்ட காலமாகச் சந்தேகம்.

"அண்ணே, இதுல பாட்டு வருமா?" டீ மாஸ்டர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"பாட்டுப் போட்டா லைசென்ஸ் போயிரும். அது ரேடியோ நிலையத்துக்காரங்க வேலை. ஒருத்தர் பேசுவாரு, ஊரே கேக்கும். யாரும் திருப்பிப் பேச முடியாது."

"அப்ப போலீஸ் வயர்லெஸ் மாதிரியா?"

"அது உத்தரவு. 'ஆகட்டும் ஐயா'ன்னு மட்டுந்தான் திருப்பிச் சொல்லலாம்."

"கட்டுமாவடியில மீன்புடி போட்டுக்காரங்க வச்சிருக்காங்களே?"

"அது தொழிலு. இதுல தொழில் பேசக் கூடாது."

"பாட்டுமில்ல, தொழிலுமில்ல. அப்ப என்னத்தத்தான் பேசுவீங்க?"

ஏரியல் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "ரேடியோ செட்டப் பத்திப் பேசலாம். அப்புறம், போன் பண்ணிச் சொல்ற அளவுக்கு முக்கியமில்லாத சொந்த விசயம் எதையும் பேசலாம். சட்டத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு."

டீ மாஸ்டர் கடையில் இருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "அப்படிப் பாத்தா இங்க எல்லாருமே லைசென்ஸ் எடுக்கணும்ப்பா!"

ரேடியோவின் பழக்கங்கள் அவரோடு மாடியை விட்டு இறங்கிவந்துவிட்டன. அதில் ஒருவர் பேசி முடித்தால்தான் மற்றவர் பேசலாம். முடித்த பிறகும், நடுவில் வேறு யாராவது வர நினைத்தால் வரட்டும் என்று இரண்டு மூச்சு நேரம் இடம் விடவேண்டும். அவர் மனைவி சரோசா அக்கா அரை மணி நேரம் திட்டுவார். இவர் கண்ணை மூடிக் கேட்பார். அக்கா ஓய்ந்த பிறகு இரண்டு மூச்சு. அப்புறம், "தெளிவு அஞ்சு, பலம் ஒம்போது. நல்லாக் கேட்டுச்சு" என்பார். ரேடியோவில் குரலுக்குப் போடுகிற முழு மார்க் அது. அதற்கு அடுத்த அரை மணி நேரம் ஆரம்பமாகும்.

இன்னொன்று, கார்டு. ஹாம்காரர்கள் பேசிய பேச்சுக்குச் சாட்சியாக ஒருவருக்கொருவர் கார்டு போட்டுக்கொள்வார்கள். இவர் நேரில் பேசியவர்களுக்கும் போட்டார். தங்கை மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த கையோடு பெண்ணின் அப்பாவுக்கு எழுதிப் போட்டார்: 'பகல் பதினொன்றரைக்குத் தங்களுடன் பேசினேன். குரல் தெளிவு ஐந்து, பலம் ஒன்பது. பின்னணியில் ஆட்டுச் சத்தம்.' பெண் பிடித்திருக்கிறது என்று சொல்வதற்குப் படித்தவர்கள் முறை போலிருக்கிறது என்று பெண்ணின் அப்பா நினைத்து, பூ வைக்க நாள் குறித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் இன்னும் பேசியே முடிக்கவில்லை. ஆனாலும் கல்யாணம் நடந்தது. நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் அப்படி நன்றாக முடியவில்லை.

ஒரே மகன் கார்த்தி. மஸ்கட்டில் வெட்டவெளியில், வறண்ட ஓடைகளில் குழாய் பதிக்கிற வேலை. லீவில் வந்தவன் மாடியில் ரூம் கட்ட ஆசைப்பட்டான். நடுமாடியில் இரும்புக் குழாய் நின்றது. பேச்சு முற்றி, வாசலில் நின்று கேட்டான்: "ஒங்களுக்குக் கம்பி வேணுமா, நான் வேணுமா? சொல்லுங்கப்பா."

ஏரியல் அண்ணன் வழக்கப்படி இரண்டு மூச்சு இடம் விட்டார்.

அந்த மௌனத்தைப் பதில் என்று எடுத்துக்கொண்டு மகன் பையைத் தூக்கினான். "நீதான்ப்பா" என்று இவர் வாயைத் திறந்தபோது ஆட்டோ தெருமுனை தாண்டிவிட்டது. அதற்கப்புறம் அவன் அம்மாவுக்கு மட்டுமே போன் செய்தான். அப்பா எடுத்தால் வைத்துவிடுவான்.

ஒன்றரை வருடம் போயிற்று. சாயங்காலம் தவறாமல் மாடியிலிருந்து ரேடியோ இரைச்சல் கேட்கும். பஞ்சு வெடித்துப் பறப்பதுபோல ஒரு சத்தம். அதற்குள்ளே தூரத்து மனிதர்கள் குமிழிகளாக மேலே வந்து உடைவார்கள். "யாராச்சும் இருக்கீங்களா?" என்று இவர் ஆங்கிலத்தில் அழைப்பார். பெயர் தெரியாத யாரையோ. இருக்கிறேன் என்று யாராவது சொல்லும்வரை நானும் என் ஜன்னலில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் மஸ்கட்டிலிருந்து அவருக்கு ஒரு கார்டு வந்தது. மூடாத கார்டைப் படிக்காமல் இருக்கிற அளவுக்கு நான் பெரிய மனிதன் இல்லை. எழுதியவர் அங்கே ஒரு பல் டாக்டர், அவரும் ஹாம். சாயங்காலம் நானே மாடிக்கு எடுத்துப்போய்த் தமிழில் படித்துக் காட்டினேன். 'நண்பரே, நாம் எத்தனையோ முறை பேசிவிட்டோம். ஒவ்வொரு முறையும் எங்கள் ஊர் வெயிலை மட்டுமே விசாரிக்கிறீர்கள். உங்களுக்கு இங்கே தோட்டம் ஏதும் இருக்கிறதா?'

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அண்ணே, கார்த்தி அங்கதானே இருக்கான்? அவனைப் பாத்துட்டு வரச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லக் கூடாது தம்பி. அது முக்கியமான விசயம்." ரேடியோவின் குமிழைத் தடவிக்கொண்டே சொன்னார். "வெயிலு முக்கியமில்லாதது. அதக் கேக்கலாம்."

டீயோடு படியேறி வந்த சரோசா அக்கா பாதியிலேயே நின்றுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து இரைச்சலுக்குள்ளிருந்து பல் டாக்டரே வந்தார். நாளை பெரிய மழை என்றார். மலையடிவாரத்து ஓடைகளில் வெள்ளம் வரும். அந்தப் பக்கம் யாரும் போகவேண்டாம் என்று இப்போதுதான் அறிவிக்கிறார்கள் என்றார். ஏரியல் அண்ணன் அன்றைக்கு மட்டும் இடம் விடவில்லை.

"சரோசா, போனப் போடு! பயல் ஓடையிலதானே குழி வெட்டுறான்? நாளைக்கு எறங்க வேணாம்னு சொல்லு!"

அக்கா போட்டார். மறுமுனையில் கார்த்திக்கு ஆச்சரியம். "எங்களுக்கே இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு. அதுக்குள்ள ஒனக்கு யாரும்மா சொன்னது?"

"வேற யாரு, ஒங்கப்பாதான். நீ போனதுலருந்து தெனமும் ஒன் ஊரு வெயில வெசாரிச்சுக்கிட்டே கெடக்காரு மனுசன். எனக்கே இப்பத்தான்டா தெரியும்."

"அவர்ட்ட குடும்மா" என்றான்.

சூடான டம்ளரை வாங்குவதுபோல அவர் இரண்டு கையாலும் போனை வாங்கினார்.

"அப்பா... அங்கிட்டு மழை உண்டா?"

"நேத்து லேசாத் தூறுச்சுப்பா," என்றார் அவர். அக்கா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

நான் மாற்றலாகிப் புதுக்கோட்டைக்கு வந்து நாளாகிவிட்டது. போனில் யாராவது, "ஒங்க ஊர்ல மழையா?" என்று கேட்டால் சும்மாதான் கேட்கிறார்கள் என்று எனக்கு இப்போதெல்லாம் தோன்றுவதில்லை. மணமேல்குடியிலிருந்து ஏரியல் அண்ணன் அதைக் கேட்கும்போது மட்டும், பதில் சொல்ல எனக்கு இரண்டு மூச்சு நேரமாகிறது.