சுவிட்சைத் தட்டிவிட்டு முகம் பார்ப்பவர்

மனித குலத்தில் முகம் பார்ப்பவர் என்றொரு ரகம் உண்டு. ஜோசியரைச் சொல்லவில்லை. ஜோசியர் கையைப் பார்ப்பார், காசை வாங்கிக்கொள்வார், விட்டுவிடுவார். நான் சொல்பவர் உங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்து, தன்னிடம் உள்ள ஏதோ ஒன்றை உங்கள் வாயிலோ கையிலோ காதிலோ திணித்துவிட்டு, ஓரடி பின்னால் நகர்ந்து உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பவர். அது புதிதாக வறுத்து அரைத்த காப்பித்தூளாக இருக்கலாம், ராசிபுரத்தில் சொல்லிவைத்து வாங்கிய நெய்யாக இருக்கலாம், முதுகுவலிக்கென்று வாங்கிய மெத்தையாக இருக்கலாம், சுவருக்கு அடித்த பெயின்டாகக்கூட இருக்கலாம். பழசையும் புதுசையும் அடுத்தடுத்துக் காட்டிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"வித்தியாசம் தெரியுதுங்களா?"

தெரியாது. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் நாம் என்ன சொல்கிறோம்? நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு 'இல்லை' என்று சொல்லவே வாய் வராது. இன்னொரு இட்லி வேண்டாம் என்பதற்கே "இருக்கட்டுங்க, போதுங்க, இப்பத்தானுங்க ஊட்டுல சாப்புட்டு வாரேன்" என்று மூன்று தவணையில் மன்னிப்புக் கேட்கிறவர்கள், வீட்டுக்காரர் ஆசையாக நிற்கும்போது முகத்துக்கு நேரே "தெரியலைங்க" என்று சொல்லிவிடுவார்களா? "நல்லாத் தெரியுதுங்க" என்கிறோம். அவர் முகம் மலர்கிறது. நமக்குச் சாப்பாடு கிடைக்கிறது. யாருக்கு என்ன நட்டம்?

நட்டம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த ரகத்தின் மன்னரான சென்னிமலையை உங்கள் முன் நிறுத்துகிறேன். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில் அவருடைய தொழிற்சாலை இருக்கிறது, பெயர் செவ்வந்தி ஆடியோ. பாட்டுக் கேட்கும் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் செய்கிறார்கள். கல்யாண வீட்டில் அலறுவதற்கு அல்ல. ஒரு செட்டின் விலையில் நன்றாக ஓடுகிற பழைய லாரி ஒன்று வாங்கிவிடலாம் என்றால் புரிந்துகொள்ளுங்கள். நான் பக்கத்துத் தோட்டத்துக்காரன். மாடலுக்கு மாடல் கூப்பிட்டனுப்புவார், போய் உட்கார்ந்து வருவேன்.

செவ்வந்தி ஆடியோவின் வரலாறு போர்வெல் வண்டியில் தொடங்குகிறது. திருச்செங்கோட்டு வண்டி ஒன்றில் ஏறி இளவயதில் வடக்கே போன சென்னிமலை, கம்ப்ரசர் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே வருடக்கணக்கில் நின்று, வேலையில்லாத நேரத்தில் டிரைவரின் டேப் ரிக்கார்டரைப் பிரித்து மாட்டிக் கற்றுக்கொண்டு, ஊர் திரும்பி, ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரிப்பேர் கடை போட்டு, நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் மிஞ்சிய மரத்தை வாங்கி ஸ்பீக்கர் பெட்டி அடித்து, கடைசியில் சொந்தமாக ஒரு ஆம்ப்ளிஃபயரும் செய்து முடித்தார். அதுதான் செவ்வந்தி ஒன்று. செவ்வந்தி அவருடைய அம்மாவும் இல்லை, குலசாமியும் இல்லை. கடைக்கு எதிரே பூக்கடை இருந்தது, அவ்வளவுதான்.

அதைக் கேட்டவர்கள் அசந்துபோனார்கள். பழைய செட்டுகளில் பாட்டோடு சேர்ந்து வந்த கொரகொரப்பு இதில் இல்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "தெரியுதுங்களா?" என்று கேட்டார் சென்னிமலை. "அட, நல்லாத் தெரியுதுங்களே!" என்றார்கள். சத்தியமான வார்த்தை. அந்த வரலாற்றிலேயே சத்தியமான வார்த்தை அது ஒன்றுதான் என்பது பிற்பாடுதான் தெரியவந்தது.

ருசி கண்டுவிட்டார். செவ்வந்தி இரண்டில் சேலத்துக் கொலுசுப் பட்டறையில் இழுத்த வெள்ளிக் கம்பியைச் செப்புக் கம்பிக்குப் பதிலாகப் போட்டார். தெரியுதுங்களா? தெரியுதுங்க. செவ்வந்தி மூன்றுக்கு அடியில், அதிர்வு போகவேண்டும் என்று, நாலு பேர் சேர்ந்தாலும் தூக்கமுடியாத கருங்கல் பலகையை வைத்தார். தெரியுதுங்களா? ரொம்பத் தெரியுதுங்க. நான்காவதுக்கு, ஊர்க் கரன்டில் அழுக்கு இருக்கிறது என்று சொல்லி, தனக்கென்று தனி டிரான்ஸ்ஃபார்மரே போட்டுக்கொண்டார். அதுவும் தெரிந்தது. ஜெர்மனியிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். அந்த மனிதருக்கு நாட்டுக்கோழி வறுவலும் பள்ளிபாளையம் சிக்கனும் போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து, அதற்கப்புறம் கேட்டால் அவர்தான் என்ன சொல்வார்? தெரிகிறது என்றார், அவர் பாஷையில். அதன்பிறகு கப்பலில் போக ஆரம்பித்தது செவ்வந்தி.

கேட்பதற்கென்று வீட்டிலேயே ஓர் அறை. ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் திரை. சத்தம் வரும் என்று ஃபேன் போடமாட்டார், ஏசி போடமாட்டார். சித்திரை வெயிலில் நாமக்கல்லில் அப்படி ஓர் அறையில் உட்கார்ந்தால் எதற்கும் 'தெரியுதுங்க' என்று சொல்லிவிட்டு வெளியே ஓடத் தோன்றும். மேசைமேல் ஒரு சுவிட்சுப் பெட்டி, இந்தப் பக்கம் தட்டினால் பழைய மாடல், அந்தப் பக்கம் தட்டினால் புது மாடல். ஓடுவது எப்போதும் ஒரே நாதஸ்வரம், அதிலும் தொடக்கம் மட்டும். வித்வான் மூச்சு விடுவதற்குள் சுவிட்சைத் தட்டிவிட்டு முகம் பார்க்கத் தொடங்கிவிடுவார். அந்த ஆலாபனை எங்கே போய் முடிகிறது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

இந்த அறைதான் அவர் மகள் தனப்பிரியாவின் கல்யாணத்துக்கு வில்லனாக வந்து நின்றது. ஏனென்றால் மாப்பிள்ளைகளையும் அவர் இங்கேதான் உட்காரவைத்தார். முதலில் வந்தவர் சுவிட்சைத் தட்டுவதற்கு முன்பே "சூப்பரா தெரியுதுங்க மாமா" என்றார். ஆள் அவசரக்காரன் என்று கழித்துவிட்டார். இரண்டாவது வந்தவர் தூங்கிவிட்டார். மூன்றாவதாக வர இருந்தவன்தான் கவின், திருச்செங்கோட்டுக் காலேஜில் தனப்பிரியாவோடு படித்தவன், அவள் மனசுக்குள் ஏற்கெனவே மாப்பிள்ளையாகிவிட்டவன். ஜாதகம் பொருந்தியது, கூட்டம் என்கிற குலப்பிரிவு பார்த்தார்கள், தோட்டம் துரவு பார்த்தார்கள், எல்லாம் சரி. "இவனில்லைன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்று அம்மா சித்ராவிடம் சொல்லிவிட்டாள். பாக்கி இருந்தது அந்த அறை ஒன்றுதான்.

விட்டுவிடுவாளா? அவனுக்குப் பாடம் நடத்தினாள். முதல் தடவை தட்டும்போது தலையை லேசாகச் சாய்த்துக்கொள். இரண்டாம் தடவை கண்ணை மூடு. மூன்றாம் தடவை சித்த நேரம் சும்மா இருந்துவிட்டு, "இப்பக் கொஞ்சம் தெளிஞ்சாப்புல இருக்குதுங்க மாமா" என்று சொல். அவ்வளவுதான், தாலி உன் கையில். அவனும் ஒப்பித்தான். ஒரே ஒரு சிக்கல். பொய் சொன்னால் அந்தப் பையனுக்குக் காது சிவந்துவிடும்.

குறித்த நாளில் வந்தார்கள். கவின், கோழிப்பண்ணை வைத்திருக்கும் அவன் அப்பா குமாரசாமி, ஆட்டையாம்பட்டியில் விசைத்தறி ஓட்டும் தாய்மாமன் தங்கசாமி. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். டிபன் ஆனதும் அறைக்குள் போனோம், கதவு சாத்தியாயிற்று, வேர்க்கத் தொடங்கியது. செவ்வந்தி ஐந்து அன்றைக்குத்தான் முதன்முதலாக வெளியாள் காதில் விழுகிறது. சென்னிமலை சுவிட்சைத் தட்டினார். ஓரடி பின்னால் போனார்.

"அடேங்கப்பா!" என்றார் தங்கசாமி, யாரும் கேட்காமலே. "ஆளே எதுக்க உக்காந்து ஊதறாப்புல இருக்குதுங்ணா."

"எனக்கும் அப்பிடித்தானுங்க" என்றார் குமாரசாமி. பண்ணையில் பகலெல்லாம் கோழிக் கூச்சல் கேட்டவருக்கு எந்தச் சத்தமும் தேன்தான்.

சென்னிமலை கவினைப் பார்த்தார். மறுபடி தட்டினார். "மாப்ள, வித்தியாசம் தெரியுதுங்களா?"

கவின் தலையைச் சாய்த்தான். கண்ணை மூடினான். மூன்றாம் தடவை தட்டியதும் வாயைத் திறந்தான், காது சிவக்கத் தொடங்கியது, மூடினான். சாத்திய கதவைச் சற்றே திறந்து அந்த இடுக்கில் தனப்பிரியா நின்றுகொண்டு, சொல், சொல் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க மாமா" என்றான் கவின். "ரெண்டும் ஒண்ணாத்தானுங்க கேக்குது."

குமாரசாமி மகனுடைய காலை மிதித்தார். "டேய், நல்லாக் கேளுடா!"

"நல்லாத்தானுங்ப்பா கேட்டேன். தெரியலீங்."

சென்னிமலை சுவிட்சைத் தட்டவே மறந்துவிட்டார். நாதஸ்வரம் மட்டும், வரலாற்றில் முதல் முறையாக, மேலே போய்க்கொண்டிருந்தது. கதவிடுக்கில் தனப்பிரியா கண்ணைத் துடைப்பது தெரிந்தது. போயிற்று, இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று நானே எழுந்து செருப்பைத் தேடத் தயாராகிவிட்டேன்.

சென்னிமலை மெதுவாக வந்து கவினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "நெசமாலுமே தெரியலையா?"

"சத்தியமாத் தெரியலீங்க மாமா. மன்னிச்சுக்கங்க."

"எனக்கும் தெரியல சாமி" என்றார் சென்னிமலை.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ரெண்டாவது மாடல்லயே எனக்குத் தெரியல. தட்டித் தட்டிப் பாக்கறேன், ரெண்டும் ஒண்ணாட்டத்தான் இருக்குது. செரி, கம்ப்ரசர்கிட்ட நின்னு நின்னு நம்ம காதுதான் போயிருச்சாட்ட இருக்குதுன்னு, வாரவங்க போறவங்களயெல்லாம் புடிச்சு உக்காரவெச்சுக் கேட்டேன். ஒருத்தராச்சும் தெரியலைன்னு சொல்லோணுமே! அத்தன பேருக்கும் தெரியுது, செஞ்சவனுக்குத் தெரியல. சேலத்துல போயி ஒரு டாக்டர்கிட்டக் காட்டுனேன். காதுல ஒரு கொறையும் இல்லீங்க, பையனாட்டக் கேக்குதுன்னாரு. இவருக்கென்ன தெரியும்னு பீஸக் குடுத்துட்டு வந்துட்டேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத்தன வருசமா நான் செவிடுன்னு நெனச்சுட்டிருந்தேன் சாமி."

எனக்கு அந்த மனிதர்மேல் அன்றைக்குப் பாசமே வந்துவிட்டது. நாங்கள் பெருமையடிக்கிறார் என்று நினைத்த கேள்வியை அவர் பயந்துபோய்க் கேட்டிருக்கிறார். நாங்கள் மரியாதை என்று நினைத்துச் சொன்ன பதிலால் அவர் வெள்ளியும் கருங்கல்லுமாக வாங்கி அடுக்கியிருக்கிறார்.

கதவைத் திறந்துகொண்டு சித்ரா உள்ளே வந்தார். சென்னிமலை அவரிடம் திரும்பினார். "ஏம் புள்ள, நீயுமா? நீதான மொதல்ல தெரியுதுன்ன?"

"ஏனுங்க, நான் எப்பங்க தெரியுதுன்னேன்? தலையத்தான ஆட்டுனேன்!"

சென்னிமலை சிரித்தார், குலுங்கிக் குலுங்கி, நாங்கள் பார்த்திராத சிரிப்பு. "அம்மிணி" என்று கதவைப் பார்த்துக் கூப்பிட்டார். "வா சாமி, உள்ள வா. இந்தப் பையனே போதும். இவனாச்சும் உங்கிட்ட உள்ளதச் சொல்லுவான்." தனப்பிரியா வந்து நின்றாள். அழுகையும் சிரிப்புமாக அவளைப் பார்க்கவே நன்றாக இருந்தது.

எல்லோரும் இப்போது தங்கசாமியைப் பார்த்தோம். ஆள் எதிரே உட்கார்ந்து ஊதியதைக் கேட்டவர் அவர்தானே? மனிதர் அசையவில்லை. "இல்லீங்ணா" என்றார், "எனக்கு நெசமாலுமே தெரிஞ்சுதுங்." தெரிந்தது என்று சொன்னவர் சும்மா இருக்க முடியுமா? செவ்வந்தி ஐந்தில் முதல் செட்டை அவரே வாங்கினார். ஆட்டையாம்பட்டியில் வீட்டுக்கு முன்னால் தறிகள் தடதடக்க, பின்கட்டில் கருங்கல் பலகைமேல் அது உட்கார்ந்திருக்கிறது. போகிறவர்களையெல்லாம் பிடித்து வைத்துக் கேட்கிறார் என்று கேள்வி.

கல்யாணம் தடபுடலாக நடந்தது. உண்மை பேசிய மாப்பிள்ளையை வைத்துச் சென்னிமலை திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் நினைத்தேன். ஒரு மாதம், கூடப் போனால் இரண்டு மாதம். பிறகு செவ்வந்தி ஆறு வந்தது. கூப்பிட்டனுப்பினார், போனேன், வேர்த்தது, தெரியுதுங்க என்றேன். மகளும் மருமகனும் விருந்துக்கு வருகிற நாளில் மட்டும் அந்த அறையைப் பூட்டிச் சாவியை மடியில் சொருகிக்கொள்கிறார். உண்மை பேசுகிறவன் பெண்ணுக்கு வேண்டும். வியாபாரத்துக்கு நாம்தான் வேண்டும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருக்கிறார், அவருடைய நெய்யும் மெத்தையும் நினைவுக்கு வந்துவிட்டன, இருக்கட்டும். இதைப் படித்து முடித்ததும் நீங்கள் செய்யப்போவது என்ன? வீட்டில் ஏதோ வேலையாக இருப்பவரைக் கூப்பிட்டு, "இதப் படிச்சுப் பாரேன், சிரிப்புத் தாங்காது" என்று கையில் கொடுப்பீர்கள். கொடுத்துவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போவீர்களா? போகமாட்டீர்கள். எந்த வரிக்கு வந்திருக்கிறார் என்று தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பீர்கள், அவர் உதடு அசைகிறதா என்று கவனிப்பீர்கள். அவரும் சிரிப்பார். சிரிக்கிற வரைக்கும் நீங்கள் நகரமாட்டீர்கள் என்பது உங்களோடு குடித்தனம் தொடங்கிய வாரத்திலேயே அவருக்குத் தெரிந்துபோயிற்று.