ஆறாத நாடா

காலை ஆறு மணிக்கு உலைக்காரன் உலையின் கதவைத் திறந்தான். உள்ளே வெள்ளி நாடா இன்னும் செக்கச்செவேலென்று தகித்துக்கொண்டிருந்தது.

முந்தைய நாள் மேலதிகாரி போனில் சொன்னது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆறு வரைக்கும் திறக்காதே. அவரையே கூப்பிட்டான். ஆறு மணிக்குத் திறந்துவிட்டதாகவும், நாடா நெருப்பாக இருப்பதாகவும் சொன்னான்.

"ஆறுற வரைக்கும்னு சொன்னேன்டா. சூடு ஆறுற வரைக்கும்."

"மணின்னு நினைச்சேன் சார்."

"நீ எதுவும் நினைக்காதே. நாளைக்கு முதலாளி வர்றாரு."

முதலாளி வருவது அந்த நாடாவுக்காகத்தான். வெள்ளிக் குழாய்க்குள் கறுப்புப் பொடியை அடைத்து, தட்டையாக இழுத்துச் செய்தது. பொடி உருகுவதற்குச் சற்று முன்புவரை வேக வேண்டும். பிறகு மெல்ல ஆற வேண்டும். அப்படி ஆறினால், திரவ நைட்ரஜனில் முக்கும்போது அது துளி இழப்பில்லாமல் மின்சாரம் கடத்தும். கடத்தினால் உலைப் பிரிவு பிழைக்கும். கடத்தாவிட்டால் உலை பழைய இரும்புக்கடைக்கு, உலைக்காரன் பெயிண்ட் பிரிவுக்கு. பெயிண்ட் பிரிவென்றால் சட்டையை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்று அவன் மனைவி ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

கதவைப் படாரென்று மூடி மறுபடி சூடேற்றினான். மூடிய வேகத்தில் வெப்பமானியின் முனை வெளியே நழுவியதை அவன் கவனிக்கவில்லை. சூடு போதவில்லை என்று வெப்பமானி சொன்னது. உலை அதை நம்பி இன்னும் கொளுத்தியது. அவன் விழித்துக்கொள்வதற்குள் நாடா முழுக்கக் கொப்புளம்.

பயந்துபோய் உலையை அணைத்து மின்விசிறியைத் திருப்பி வைத்தான். கொப்புளத்தோடு நாடா நெளியவும் செய்தது, மழையில் நனைந்த புத்தக அட்டை மாதிரி.

கடைசியில் உருளை இயந்திரம் ஓட்டும் அக்காவிடம் எடுத்துப்போனான். அவர் நாடாச் சுருளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"என்ன தம்பி, நாடாவுக்கு அம்மை போட்டிருக்கா?"

"தட்டையாக்கிக் குடுத்தாப் போதும்க்கா. மறுபடி உலையில வெச்சுச் சரி பண்ணிடுவேன்."

"வெச்சிட்டுப் போ. நீ எதைச் சரி பண்ணினே இதுவரைக்கும்?"

மதியம் போனபோது அக்கா சாப்பிடப் போயிருந்தார். மேசைமேல் சுருள் பளபளவென்று இருந்தது. ஒரு கொப்புளம் இல்லை, ஒரு நெளிவு இல்லை. அக்கா கை பட்டாலே தனிதான் என்று மனதுக்குள் கும்பிட்டுவிட்டு எடுத்துவந்தான்.

இந்த முறை எதுவும் தப்பாகப் போகவில்லை. வெப்பமானியை இரண்டு கம்பி போட்டுக் கட்டினான். சூட்டை மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கினான். கதவுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். மனைவி போன் செய்து எப்போது வருவீர்கள் என்று கேட்டாள். ஆறினதும் வருகிறேன் என்றான். ஆறு மணிக்கா என்றாள். போனை வைத்துவிட்டான்.

மறுநாள் முதலாளி வந்தார். தொட்டியில் நைட்ரஜன் புகைந்தது. நாடாவை முக்கி, மேலதிகாரி மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போனார். மீட்டரின் முள் பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை.

"ஓடலையே," என்றார் முதலாளி.

முள் ஓடாமல் இருப்பதுதான் வெற்றி என்று மேலதிகாரி விளக்கினார். அந்த மீட்டர் அளப்பது இழப்பை; இழப்பு இல்லை, அதனால் முள்ளுக்கு வேலை இல்லை. முதலாளிக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் உலைக்காரனின் தோளில் கை வைத்தார். உலை எங்கேயும் போகாது என்றார். நம் உலையிலேயே இப்படி வேகும்போது இனி யாரிடமும் நாடா கேட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை என்றார். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். உலைக்காரன் முந்தைய நாள் காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டான்.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அக்கா உள்ளே வந்தார். கையில் ஒரு சுருள்.

"தம்பி, உன் நாடாவைத் தட்டியாச்சு. அளவு பார்க்கறதுக்கு அடுத்த கம்பெனிலேருந்து ஒண்ணு வாங்கி மேசைமேல வெச்சிருந்தேனே, அதை எடுத்துட்டுப் போயிட்டியாமே, எப்பத் தருவ?"