பல்சக்கரமும் பாத்திரமும்

மனைவி எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாகச் செய்வது என்று விரிவுரையாளர் முடிவெடுத்துப் பத்து வருஷமாகிறது. அவர் இயந்திரவியலில் தங்கப் பதக்கம் வாங்கியவர். அவளோ பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். பதக்கத்துக்கு இந்த மரியாதைகூட இல்லாவிட்டால் எப்படி?

இந்த வருஷ ரோபோ போட்டியில் அவருடைய கல்லூரி அணியும் இருந்தது, அவளுடைய பள்ளி அணியும் இருந்தது. தோற்றவர் வருஷம் முழுக்கப் பாத்திரம் தேய்க்க வேண்டும் என்று பந்தயம். இப்போதும் அவர்தான் தேய்க்கிறார். ஆகவே ஜெயித்தால் விடுதலை.

சாப்பாட்டு மேஜையில் செயின் மாட்டும் பல்சக்கரங்கள் இரண்டு ஜோடி கிடந்தன. ஒரு ஜோடி அலுமினியம். பளபளவென்று இலேசாக இருந்தது. இன்னொன்று இரும்பு, கறுப்பு, கனம்.

"எதைங்க மாட்டப் போறீங்க?"

"நீதான் சொல்லேன், பார்ப்போம்."

"தள்ள வேண்டிய பெட்டி பதினஞ்சு கிலோ. இரும்புன்னா பல்லு நிக்கும்."

"பல்லைப் பல் டாக்டர் பார்த்துப்பார். ரோபோ இலேசா இருந்தாத்தான் ஓடும்."

"செயின் இரும்பாச்சே. அலுமினியத்தை அரைச்சிடாதா?"

"கணக்கு டீச்சர் கணக்கைப் பார்த்தாப் போதும்."

"நான் இரும்புன்னுதாங்க சொல்லுவேன்."

இதற்குமேல் ஆராய்ச்சி எதற்கு? அலுமினியம்.

"அப்போ இந்த இரும்பை என்ன பண்றது?"

"குப்பையில போடு."

"சரிங்க."

பத்து வருஷத்தில் அவள் மறுபேச்சில்லாமல் சொன்ன முதல் 'சரிங்க' அது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பார்கள். இவர் பதக்கம் வாங்கியவர்.

ஒரு மாதப் பயிற்சியிலேயே அலுமினியப் பற்கள் மழுங்கிவிட்டன. இறுதிச் சுற்றில் பள்ளி ரோபோவோடு மோதும்போது இடப்பக்கச் செயின் கழன்றது. வலப்பக்கம் மட்டும் ஓட, கல்லூரி ரோபோ பெட்டியை மறந்து தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. வளர்த்தவர் குணம்.

பள்ளி ரோபோ நிதானமாகப் பெட்டியைக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டு நின்றது. அவர் குனிந்து அதன் அடியில் பார்த்தார். கறுப்பு, கனம்.

"இதைக் குப்பையில போடச் சொன்னேனே?"

"சொன்னதுக்கு நேர்மாறா செஞ்சேன். உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதான்."

"அப்போ எனக்கு மட்டும் ஏன் இரும்பு, இரும்புன்னு சொன்னே?"

"சொன்னாத்தானே நீங்க மாட்ட மாட்டீங்க."

ஜெயித்த கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவள் ஆறுதலாகச் சொன்னாள்: "கவலைப்படாதீங்க. நம்ம வீட்டுப் பாத்திரமெல்லாம் எவர்சில்வர். நீங்க எவ்வளவு தேய்ச்சாலும் தேயாது."